வாசலில் கிடந்த குறடு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. விடுதியில் என் அறையில் இருந்த செங்கோடன் சொன்னான். அவனுக்கு அவன் சித்தப்பா சொன்னது. இடையில் யார் எதைச் சேர்த்தார்களோ தெரியாது. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சிறிய மடம். குரு பூரணிக்கு முப்பது வயதுதான் இருக்கும். சீடர் மாதவராசுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

அங்கே ஒரு வழக்கம். பல வருடம் பயின்ற சீடர்களுக்கு மட்டும்தான் காலுக்கு மரக்குறடு, மற்றவர்களுக்குச் சாதாரணச் செருப்பு. ஓர் அறை வாசலில் குறடு கிடந்தால் உள்ளே உபதேசம் என்று அர்த்தம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் போய் உட்காருவார்கள்.

ஒரு பௌர்ணமி நாள் காலையில் மாதவராசு கைபேசியோடு குருவிடம் வந்தார்.

“ராத்திரி பூரா தூக்கமே இல்லைங்கம்மா.”

குரு பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். “சொல்லுங்கண்ணா.”

மூலிகைக்கென்று ஒரு செயலி. நல்ல பதில் சொன்னால் புள்ளி சேரும். புள்ளி ஏறினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்க இலை வரும். தங்க இலைக்காரர் சொல்வதுதான் மேலே தெரியும். அவரைத்தான் ஆயிரக்கணக்கில் பின்தொடர்வார்கள். மாதவராசுவுக்கு அந்த இலை இருந்தது.

“ஒரு பொண்ணு செடிப் படம் போட்டு, கைக்குழந்தை சளிக்கு இதுதானான்னு கேட்டுச்சு. ஆமான்னு எழுதிட்டேன். இன்னிக்கு மத்தியானம் கஷாயம் வெச்சுக் கொடுக்கப்போகுது. இப்பப் பாத்தா பூ வேற மாதிரி தெரியுதுங்க.”

“வேற யாரும் சொல்லலையா?”

“ஒருத்தர் சொல்லியிருக்கார், இது அந்தச் செடி இல்லைன்னு. அவருக்கு இலை கிடையாது. எங்கயோ அடியில கெடக்குது அவர் எழுதினது.”

“அப்ப மாத்தி எழுதுங்க.”

“பதிலைத் திரும்ப எடுத்தா இலை போயிடுங்கம்மா.” கைபேசியைக் குருவின் முன்னால் வைத்தார். “அதுகூட இருக்கட்டும். நானூறு பேர் எம் பதிலுக்குச் ‘சரி’ போட்டிருக்காங்க. அதுல இலைக்காரங்களும் இருக்காங்க. அத்தனை பேருமா தப்பாச் சொல்லுவாங்க?”

குரு கத்தியைக் கீழே வைத்தார்.

“உங்க குறட்டை மேற்கு அறை வாசல்ல விடுங்க. வெறுங்காலோட ஓடைக்குப் போய் ஒரு குடம் தண்ணி கொண்டாங்க.”

“அது விறகு அறைங்களே.”

“ஆமா.”

“மத்தியானத்துக்குள்ள நான்…”

“அதனாலதான் இப்பவே.”

அவர் திரும்பி வந்தபோது மேற்கு அறை வாசல் முழுக்கச் செருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு சோடிக் குறடு.

உள்ளே விறகுக் குவியலுக்கு எதிரே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கைகூப்பியிருந்தார்கள்.

மாதவராசு குடத்தை இறக்கினார். அம்மா யாரோ பெரியவரை வரவழைத்திருக்கிறார் என்று நினைத்தார். இல்லாவிட்டால் இத்தனை கூட்டம் வருமா? ஓரமாகப் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மனசு கொஞ்சம் அடங்கியது.

பக்கத்தில் மூத்த சீடர் அய்யாவு. மேலே கிடந்த குறடு அவருடையது.

“யாருங்க வர்றாங்க?” என்று மாதவராசு கிசுகிசுத்தார்.

அய்யாவு கண்ணைத் திறந்தார்.

“என்னையக் கேக்கறீங்களே! உங்க குறடு கெடந்துச்சு. அதப் பாத்துத்தான நானே வந்தேன்.”

மாதவராசு எழுந்தார். யாருடைய கையையோ மிதித்தார்.

“ஏனுங்க, பாத்துப் போங்க!”

வாசலில் குரு நின்றிருந்தார். கையில் மாதவராசுவின் கைபேசி.

“குறட்டைத் தேடி எடுத்துக்குங்கண்ணா.”

“அது கெடக்கட்டுங்கம்மா,” என்று கைபேசியை வாங்கினார்.

செங்கோடன் சொன்னது இவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தச் செயலியை இறக்கித் தேடினேன். கேள்வி இருக்கிறது. மாதவராசு என்ற பெயரும் இருக்கிறது, பக்கத்தில் இலை இல்லை. ‘நான் சொன்னது தப்பு. குழந்தைக்குக் கொடுக்காதீங்க.’ அதற்கு மூன்று பேர்தான் ‘சரி’ போட்டிருந்தார்கள்.

அதன் கீழே அந்தப் பெண் எழுதிய ஒரு வரி.

‘அடுப்புல இருந்துச்சுங்க. எறக்கிட்டேன்.’