முதலாளி உட்கார்ந்த பலகை

கஸ்பார் முதலாளியின் வள்ளம் அவருடைய அப்பா காலத்தது, சின்னது. அதற்கு அவர் வாங்கி வந்ததோ நாற்பது ஹெச்.பி. மோட்டார். கரையிலேயே பெரிய மோட்டார் தன்னுடையதாக இருக்க வேண்டுமாம்.

"இந்த வள்ளம் எட்டு ஹெச்.பி.தான் தாங்கும் முதலாளி," என்றான் மோட்டார் பட்டறை வேலையாள் தொம்மை.

"எனக்கே பாடம் நடத்துறியா? சாயங்காலத்துக்குள்ள மாட்டலேன்னா, இந்தக் கரையில ஒருத்தனும் உனக்கு வேலை தரமாட்டான்!"

புது மோட்டாருக்குப் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பது அந்த ஊர் வழக்கம். அவரும் வந்துவிட்டார், ஊரும் கூடிவிட்டது.

தொம்மை பணிவாகச் சொன்னான்: "மாட்ட நேரமாகும் முதலாளி. சாமியைக் காக்க வைக்கலாமா? மோட்டார் வரப்போற பலகையில நீங்களே மாலையோட உட்காருங்க. தீர்த்தம் உங்க மேலயே விழட்டும்."

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மிதந்துகொண்டிருந்த வள்ளத்தில் ஏறி, பின்பலகையில் கம்பீரமாக உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்திலேயே, ஓட்டுகிறவன் இடத்தில் தொம்மையும் போய் அமர்ந்தான்.

அவ்வளவுதான். வள்ளத்தின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்பக்கமாகத் தண்ணீர் மடமடவென்று ஏறியது. சாமியார் தீர்த்தச் செம்பைத் திறப்பதற்குள் இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள்.

"காலையில மீன் தராசுல மோட்டாரை நிறுத்தேன் முதலாளி. உங்களைவிட அஞ்சு கிலோ கூடத்தான் இருக்கும்," என்றான் தொம்மை. "மாட்டட்டுமா?"

கரையே சிரித்தது. முதலாளி மிதந்துபோன மாலையை எட்டிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏலே, எட்டு ஹெச்.பி.யிலேயே பார்க்கப் பெருசாத் தெரியுற மோட்டார் ஏதாச்சும் இருக்கா?"