நால்வர் குழு

2012 ஜூன் 11, திங்கட்கிழமை காலை ஒன்பது பத்து. மலை மேலிருந்த அந்தத் தொடக்கப்பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரே பெயர்: இசக்கியம்மாள், மூன்றாம் வகுப்பு.

தேயிலைத் தோட்டத்தில் வேலை குறைந்ததும் மற்றக் குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன. அவளுடைய அப்பா காவல்காரர் என்பதால் தங்கிவிட்டார். பள்ளி திறந்து ஒரு வாரமாக அவள் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமைக்குள் பேசாவிட்டால் கீழே ஹாஸ்டலில் விட்டுவிடப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். வீட்டில் அவர்கள் இருவர்தான்.

உதவி ஆசிரியர் தங்கப்பழத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. நகரத்துப் பெரிய பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். வாரப் பாடக்குறிப்பைத் தலைமையாசிரியை பியூலாவிடம் நீட்டினார். அவர் இவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

பியூலா வாசித்தார். "'மாணவர்கள் நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து விவாதிப்பர்.' எத்தனை குழு சார்?"

"பழைய நோட்டப் பாத்து எழுதுனது டீச்சர். முப்பது வருஷமா எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க."

"முப்பது வருஷமா யாரும் படிக்கலன்னு சொல்லுங்க."

தங்கப்பழம் கேட்டார்: "ஒத்தப் பிள்ளைக்கு எப்படி டீச்சர் பாடக்குறிப்பு எழுதுறது?"

பியூலா நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய், பாயில் இசக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கப்பழத்தையும் உட்காரச் சொன்னார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் அவர். சத்துணவுச் சமையலர் செபத்தாயையும் பியூலா கூப்பிட்டார்.

"சாம்பார் கொதிக்கி டீச்சர்."

"இறக்கி வச்சிட்டு வாங்கக்கா. ஒரு ஆள் குறையுது."

நால்வரானார்கள். பாடம் மழை.

"மழை எங்கேருந்து வருது?" என்றார் பியூலா.

"மேலேருந்து" என்றார் தங்கப்பழம்.

"பின்ன? குழாயிலேருந்தா வரும்?" என்றார் செபத்தாய்.

பியூலா தலையாட்டினார். மூவரும் தினமும் கீழிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள்.

"இல்ல" என்றது ஒரு குரல்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்க கீழேருந்துதான் வரும்" என்றாள் இசக்கியம்மாள், பாயைப் பார்த்தபடி. "முதல்ல ஓடையிலேருந்து புகையா ஏறும். ஜன்னல் வழியா உள்ள வரும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து இங்க உக்காந்திருக்கும். நான் அதுகூடத்தான் இருப்பேன். பஸ் சத்தம் கேட்டதும் போயிரும்."

செபத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் தங்கப்பழம் மெதுவாகக் கேட்டார்: "இத எப்படி எழுதுறது டீச்சர்? அதிகாரி வந்தா கேப்பாரே."

பியூலா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நடந்தத எழுதுங்க சார். நாலு பேரு உக்காந்தோம். ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்சிருந்தது."

இசக்கியம்மாள் 2015 ஏப்ரல் 30 அன்று அங்கேயே ஐந்தாம் வகுப்பு முடித்தாள். ஜூன் முதல் தேதி பள்ளி திறக்கப்படவில்லை.