மூக்காண்டிக்குப் பிடித்தது

ஆவுடையப்பன் மூக்காண்டியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் முகத்தில் பாதிக்குத்தான் அரிதாரம் ஏறியிருந்தது. மாட்டுவண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கண்ணாடித் துண்டு. வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு ஏற்றபடி தலையை ஆட்டிக்கொண்டே கன்னத்தில் சாயம் பூசிக்கொண்டிருந்தான். நாடகத்துக்கு நேரமாகிவிட்டது.

"இன்னிக்கு என்ன வேஷம்வே?" என்று மடத்து வாசலில் நின்று கேட்டார் ஆவுடையப்பன்.

"திரும்பி வந்து சொல்லுதேன்!"

மறுநாள் அதே வண்டியில் அவனைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். விடியும்வரை ஆடிவிட்டு, தட்டிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டானாம். செம்பு வருவதற்குள் சாய்ந்துவிட்டான். முகத்தை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

மூக்காண்டி அந்த மடத்துக்குக் கிணறு தூர்வார வந்தவன். தூர்வாரி முடித்தான், போகவில்லை. கிணற்றுக்குள் நின்று அவன் பாடிய பாட்டைக் கேட்டு மேலே கூட்டம் சேர்ந்துவிட்டது என்று சொல்வார்கள். எலும்பு முறிந்தால் கட்டுவான். சிலம்பம் சுற்றுவான். மிருதங்கம் கிடைத்தால் வாசிப்பான், கிடைக்காவிட்டால் குடத்தில் வாசிப்பான். அவன் வந்து உட்கார்ந்தால் எழுந்து போக இருந்தவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். சொந்தம் என்று யாரும் இல்லை. அதனால் பதினாறாம் நாள் காரியத்தை மடமே செய்வதென்று ஆயிற்று.

"படையலுக்கு என்ன அண்ணாச்சி செய்யட்டும்?" என்று மடத்துச் சமையல்காரர் சுப்பையா வந்து கேட்டார். "அவருக்குப் பிடிச்சதையில்லா வைக்கணும். உங்களுக்குத்தான் தெரியும்."

"பாகற்காய்" என்றார் ஆவுடையப்பன், யோசிக்காமல்.

யோசிக்க என்ன இருக்கிறது? மனைவி இறந்த வருடம் அவர் மடத்துக்கு வந்தார். மடத்தில் பந்திக்கு ஒரு முறை உண்டு. இலையில் விழுந்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. மிச்சம் வைக்கக்கூடாது. கடைசி இலை காலியாகும்வரை ஒருவரும் எழுந்திருக்கக்கூடாது. திங்கட்கிழமைதோறும் பாகற்காய். வந்த முதல் திங்கட்கிழமையே அவர் இலையிலும் விழுந்தது. சின்ன வயதிலிருந்து அவருக்கு அது தொண்டையில் இறங்காது. எல்லோரும் சாப்பிட்டு முடித்து, இலையை மடிக்காமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. அப்போது பக்கத்து இலையிலிருந்து ஒரு கை வந்தது.

"வே, அதைத் தொட்டிராதேயும். எனக்குப் பாகற்காய்னா உயிரு."

அன்றிலிருந்து இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை. ஒரு திங்கட்கிழமைகூட அந்தக் கை வராமல் இருந்ததில்லை.

சுப்பையா சிரித்தார். "என்ன அண்ணாச்சி, செத்தவுக விஷயத்துல விளையாடுதீக? பாகற்காய் அடுப்புல கிடந்தா அவரு அடுக்களைப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டாரே. 'சுப்பையா, இதை முதமுதல்ல தின்னு பார்த்தவனைத் தூக்குல போடணும்டே'ம்பாரு."

"யாரு? மூக்காண்டியா?"

"வேற யாரு!"

ஆவுடையப்பனுக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. முப்பது வருஷம் பக்கத்து இலையில் உட்கார்ந்தவனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. அப்படியானால் வேறு என்னதான் தெரியும்?

மறுநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினார்.

சிலம்ப வாத்தியார் மீராசா களத்தில் பையன்களை அதட்டிக்கொண்டிருந்தார். "மூக்காண்டிக்குப் பிடிச்சதா? பச்சை முட்டை. ஒடைச்சு ஒரே மடக்கு. கம்பைக் கையில வாங்கிட்டா அவன் ராஜபார்ட்டுவே. எதிர்ல நிக்கிறவன் தானா ரெண்டடி பின்னால போவான். ஒரு நா அவன் முகம் வாடிப் பார்த்ததில்ல நான்."

குயவர் தெருவில் பேச்சித்தாய் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கையைக் கழுவினாள். "கூழு, அண்ணாச்சி. கூழும் ஒரு மோர்மிளகாயும். வேற எதைக் குடுத்தாலும் தொடமாட்டாரு. குடிச்சிட்டு அந்தச் சுவரோரமா உக்காந்து அழுவாரு."

"அழுவானா?"

"அழுவாரு. சத்தமே வராது."

"எதுக்கு?"

"நான் கேட்டதில்ல. கேட்டா நின்னுருமே அண்ணாச்சி. பாவம், சாமியாராப் போயிருக்க வேண்டிய ஆளு."

ஆவுடையப்பன் அந்தச் சுவரைப் பார்த்தார். வெறும் மண்சுவர்.

நாடகக் கொட்டகையில் ஆர்மோனியக்காரர் தாவீது துருத்தியைக் கழற்றி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். "மீன்தலை" என்றார், தலையை நிமிர்த்தாமலே. "சட்டியில முதல்ல அதைத்தான் தேடுவான். என் தட்டுலேர்ந்து பிடுங்கித் தின்னுருக்கான். செத்தவனைச் சொல்லக்கூடாது, திருட்டுப்பய. சரியான வில்லன்." சொல்லிவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு என்ன வேஷம் கட்டினான்?"

"ராஜபார்ட்டு. பாதி நாடகத்துல பபூன்காரன் குடிச்சிட்டுக் கவுந்துட்டான். இவன் கிரீடத்தைக் கழட்டிட்டு, பபூனா உள்ள போனான். சனம் உருண்டு பெரண்டு சிரிச்சுது. அந்தச் சிரிப்போடதான் வெளிய வந்தான்."

ஆவுடையப்பன் மடத்துக்குத் திரும்பினார். போகும்போது ஒரு மூக்காண்டியைத் தேடிப் போனார். வரும்போது நாலு மூக்காண்டிகள் கூட வந்தார்கள். ஒருவனுக்கும் இன்னொருவனைத் தெரியாது போலிருந்தது.

சாமி தோட்டத்தில் பாகல் பந்தலில் காய் பறித்துக்கொண்டிருந்தார். மடத்துத் தலைவர் என்றாலும் ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர். பட்டம் ஏறிய நாள் முதல் அவரை 'நீர்' என்றுதான் அழைப்பார்.

"சாமி, மூக்காண்டி யாரு?"

"கிணறு தூர்வார வந்தவர்."

"அதைக் கேக்கல."

"வேற எதைக் கேக்கிறீர்?"

ஆவுடையப்பன் பந்தலுக்கடியில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முட்டை, கூழ், மீன்தலை. சிரிப்பு, அழுகை, பிடுங்கித் தின்றது. சாமி கேட்டுக்கொண்டே காய் பறித்தார்.

"அவனே சொல்லுவான் சாமி. 'உலகத்துல மொத்தம் அஞ்சாறு வேஷந்தாம்வே இருக்கு. ராஜபார்ட்டு, பபூன், வில்லன், சாமியாரு, அப்படி. ஒருத்தன் என்ன வேஷம்னு தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் அவன்கிட்ட குழப்பமில்ல'ன்னு. அவன் சொல்லிக்கொடுத்துத்தான் நானும் வாரவன் போறவனையெல்லாம் அப்படிப் பார்க்கப் பழகினேன். எல்லாருக்கும் பொருந்திச்சு. அவனுக்குப் பொருந்தல."

"உமக்கு என்ன வேஷம்னு சொன்னார்?"

ஆவுடையப்பன் தயங்கினார். "'நீரு வேஷமே இல்லவே. டிக்கெட்டு எடுத்து முன்வரிசையில உக்காந்திருக்கற ஆளு'ன்னான்."

சாமி சிரித்துவிட்டார். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"அதுதான் சாமி எனக்கு உறுத்துது. எனக்கு முன்னாலயும் ஆடித்தான் காட்டினானா? பாகற்காய்னா உயிருன்னு வாரம் தவறாமச் சொன்னானே. அவ்வளவும் பொய்யா? பேச்சித்தாய் வீட்டுச் சுவரோரம் அழுதவன் என்கிட்ட ஒரு நா அழலையே. நான் அவனுக்குச் சிநேகிதனா, இல்ல டிக்கெட்டு எடுத்தவன்தானா?"

சாமி ஒரு முற்றிய காயை விட்டுவிட்டு அடுத்ததைப் பறித்தார்.

"சாமிகிட்ட எப்படி இருந்தான்?"

"சண்டை போடுவார். நான் சொன்ன ஒண்ணையும் அவர் ஒத்துக்கிட்டதில்லை. ஒரு நாள் 'சாமி சொல்றது சரி'ன்னுட்டார். எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கலை. எங்கே தப்பாச் சொன்னோம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"அப்போ சாமிக்கும் தெரியாதா?"

சாமி கூடையை எடுத்து நீட்டினார். "இதை அடுக்களையில் கொடும். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு."

"பாகற்காயா? இப்பத்தானே சாமி சொன்னேன், அவனுக்கு ஆகவே ஆகாதுன்னு."

"கொடும்."

பதினாறாம் நாள் எல்லோரும் வந்தார்கள். நடுக்கூடத்தில் பெரிய தலைவாழை இலை போட்டிருந்தது. பேச்சித்தாய் புதுக்கலயத்தில் கூழ் கொண்டுவந்து வைத்தாள். யார் யாரோ எதையெதையோ வைத்தார்கள். ஒருவர் வைத்ததை இன்னொருவர் பார்த்து, "இதையா தின்பாரு?" என்று முகத்தைச் சுளித்தார்கள். மீராசாவும் தாவீதும் மட்டும் வாசலோடு நின்றார்கள். முட்டையும் மீன்குழம்பும் மடத்துக்குள் வரக்கூடாது.

சாமியே வெளியே வந்தார். "வேப்பமரத்தடியில் வையுங்க. அவரும் அங்கேதான் உக்காந்து சாப்பிடுவார்."

தாவீதின் வாய் பிளந்தது. "சாமிக்குத் தெரியுமா?"

"வாசனை தெரியாதா?"

படையலையும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து காக்கைக்குச் சோறு வைத்தார்கள். காக்கை வந்தது. அன்னத்தை விட்டுவிட்டு நேரே மீன்சட்டியில் உட்கார்ந்தது.

"பார்த்தீகளா! நான் சொல்லல?" என்று குதித்தார் தாவீது.

அடுத்த காக்கை கூழ்க் கலயத்துக்கு வந்தது. பேச்சித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது ஒன்று எதையும் தொடாமல் மதில்மேல் உட்கார்ந்து எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. "அந்தா, அதுதாம்வே அவன்!" என்றார் மீராசா. கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே பாதிப்பேர் அழுதார்கள். ஆவுடையப்பனுக்கு எதில் சேர்வது என்று தெரியவில்லை.

பிறகு பந்தி.

ஆவுடையப்பன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. ஆனால் அங்கேயும் ஓர் இலை விரித்துத் தண்ணீர் தெளித்திருந்தது. யார் போட்டார்கள் என்று சுற்றிப் பார்த்தார். சாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கையில் தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தார். சாமி பரிமாறி அவர் பார்த்ததில்லை.

அவருடைய இலைக்கு முன்னால் நின்று, கரண்டி நிறைய எடுத்து, பாகற்காயை வைத்தார். பக்கத்து இலையில் ஒன்றும் வைக்கவில்லை. அடுத்தவரிடம் போய்விட்டார்.

ஆவுடையப்பன் சோற்றைச் சாப்பிட்டார். குழம்பு, ரசம், மோர், எல்லாம் ஆயிற்று. பாகற்காய் ஒரு மூலையில் கிடந்தது. பழக்கதோஷத்தில் இலையை, காலி இலை இருந்த இடப்பக்கமாக ஓர் அங்குலம் நகர்த்தினார். நகர்த்திய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

வரிசையில் ஒவ்வொரு இலையாகக் காலியாயிற்று. பேச்சு நின்றது. மீராசா, பேச்சித்தாய், தாவீது, கடைக்கோடியில் சுப்பையா. எல்லோரும் கையை இலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

சாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரில் வந்து நின்றார்.

"சாமி" என்றார் ஆவுடையப்பன். "இப்பவாவது சொல்லுங்க. அவன் யாரு?"

சாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "பந்தி காத்திருக்கு."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். தனக்கு ஆகவே ஆகாத காயைத்தான் அந்தக் கை முப்பது வருஷம் எடுத்துப் போயிருந்தது. பக்கத்து இலையில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. அவருடைய இலையில் பாகற்காய் இருந்தது.