ஆடற்பாறையும் வாகை நெற்றும்

சலசல... சலசல...

காற்றடித்தால் வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் எழுப்பும் ஓசை அது. குட்டியாக இருந்தபோது வளையின் இருட்டுக்குள் கேட்ட அந்த ஓசையை ஈங்கை என்ற முள்ளம்பன்றி மறக்கவே இல்லை. வளர்ந்து பெரியவளானதும் அதைக்கொண்டே ஒரு விளையாட்டைச் செய்தாள். ஒருவர் நெற்றை ஆட்டுவார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஓசை வரும் பக்கம் போய் அவரைத் தொட வேண்டும். அவ்வளவுதான்!

அந்தக் காட்டில் விளையாட்டு என்றால் ஆடற்பாறைதான். கருவன் என்ற குரங்கு முள் களைந்து, வழி அமைத்து உண்டாக்கிய இடம். மாலையானால் காடே அங்கே கூடும். யார் விளையாட்டுச் செய்தாலும் அங்கேதான் கொண்டுவந்து வைப்பார்கள். ஆட வருகிறவர்கள் தரும் பழத்தில் கருவனுக்கும் பங்கு உண்டு. உழைத்தவன், வாங்கிக்கொள்ளட்டும் என்று எல்லோரும் இருந்தார்கள்.

ஆனால் கருவனும் விளையாட்டுச் செய்கிறவன். தன்னுடையவற்றைப் பாறையின் முகப்பில் வைத்தான். மற்றவர்களுடையதைப் பின்னால் தள்ளினான். செம்பன் என்ற கீரி செய்த பொந்து விளையாட்டுக்குக் கூட்டம் சேர்ந்தது. சில நாளிலேயே அதே போல ஒன்று முகப்பில் வந்துவிட்டது. பெயர் மட்டும் வேறு!

அடுத்து, ஈங்கையின் விளையாட்டுக்குக் கூட்டம் சேர்ந்தது. கருவன் வந்து நின்றான்.

"அக்கா, உங்களுக்கு இடம் மாத்தியாச்சு. இனிமே அருவியோரம்."

"அந்த இரைச்சல்ல இடி விழுந்தாலே கேக்காதே! நெற்றுச் சத்தம் எப்படிப்பா கேக்கும்?"

"அது உங்க பாடு. முகப்புல என் புது விளையாட்டு வருது."

"என்ன விளையாட்டு?"

கருவன் தலையைச் சொறிந்தான். "சுரைக்குடுக்கையில கல்லைப் போட்டு ஆட்டுறது... கண்ணை மூடிக்கிட்டு..."

"ஓகோ!"

"பிடிக்கலைன்னா எடுத்துக்கிட்டுப் போங்க! ஆனா வெளியில விளையாட்டு வச்சவங்க மறுபடி இந்தப் பாறையில கால் வைக்கக் கூடாது. அங்க ஆடப் போறவங்களுக்கும் அதே சட்டம்தான்!"

செம்பன் பதறினான். "அருவியோரமாவது இருக்கட்டுமேக்கா! பாறையை விட்டா நம்மளை யாரு பார்ப்பா?"

"பார்க்க வேண்டாம், செம்பா. கேட்டாப் போதும்."

ஈங்கை நெற்றுகளை வாயில் கவ்விக்கொண்டு, நீர் வற்றிய ஓடைக்குப் போனாள்.

யாரும் வரவில்லை. பாறையிலிருந்து சிரிப்புச் சத்தம் மிதந்து வந்தது. ஆனாலும் அவள் திரும்பிப் போகவில்லை. மாலைதோறும் நெற்றை ஆட்டினாள்.

ஒரு நாள் புதரை விலக்கிக்கொண்டு ஒரு முயல் வந்தது.

"என்ன சத்தம் இது? கண்ணை மூட விடாம!"

"இங்க வந்து மூடேன். அதுதான் விளையாட்டே!"

முயல் ஆடியது. நிலா எழும்வரை ஆடியது. மறுநாள் கருவன் அதைப் பாறையிலிருந்து விரட்டினான். முயல் நேரே ஓடைக்கு வந்தது, சொந்தபந்தங்களோடு. முயலுக்கா சொந்தத்துக்குக் குறைவு! அவர்களையும் விரட்டினான். அவர்களைத் தேடிக்கொண்டு மான்கள் வந்தன. மான்களையும் விரட்டினான். விரட்ட விரட்டப் பாறை காலியானது, ஓடை நிறைந்தது. கருவனுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

செம்பனும் தன் விளையாட்டோடு வந்து சேர்ந்தான்.

"அக்கா, இனி ஓடைக்கு நீங்கதான் ராணி! வாசல்ல ஒரு வேலி போட்டுடலாமா?"

ஈங்கையின் முட்கள் சிலிர்த்து நின்றன.

"வேலி போடுற அன்னைக்கு நானும் கருவன்தான்டா! யாருக்கு எந்த இடம்னு எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணுவோம். எனக்கும் ஒரு ஓரம் கொடுங்க, போதும்."

அப்படியே நடந்தது.

ஆட்டத்தில் போட்டியிடுகிறவனே களத்துக்கும் ஒற்றை உடைமையாளனாக இருந்தால், முதலில் மற்றவர்களின் ஆட்டம் அழியும், பிறகு அவனுடைய களமே அழியும்.

கருவன் பாறையை விட்டு இறங்கவில்லை. இன்று முகப்பிலும், பின்புறத்திலும், அருவியோரத்திலும் அவனுடைய விளையாட்டுகள் மட்டுமே இருக்கின்றன. ஆடுவதும் அவன் ஒருவன்தான்.