தில்லைநாயகி ஏறாத பாலம்

“அந்தப் பாலத்தை இடிச்சுப் போடச் சொல்லுங்க சாமி.”

தில்லைநாயகி வணங்கவில்லை. உட்காரவும் இல்லை.

பூரணசாமி குடிசை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “எந்தப் பாலத்தை?”

“இந்த மலையில வேற எது இருக்கு?”

பள்ளத்தாக்கின் இக்கரையில் அவர் குடிசையும் ஆஸ்பத்திரியும். அக்கரையில் அவள் ஊர். நடுவே ஆறு, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழத்தில். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இறங்காமல், ஒரே வளைவாக மலைக்கு மலை தாவி நின்றது பாலம்.

ஊரே அதன்மேல் வந்து போனது. அவள் மட்டும் பழைய பாதையில் பள்ளம் இறங்கி, தரைப்பாலம் கடந்து, மறுபடி மலையேறி வருவாள்.

“என் மகன் நிமலனைப் பாம்பு கடிச்சப்போ ஜீப்புல போட்டுக்கிட்டு அந்தப் பழைய பாதையிலதான் இறங்கினோம். என் மடியில கிடந்தான். அண்ணாந்து பார்த்தேன். பாலம் கட்டிக்கிட்டிருந்தாங்க, ரெண்டு பக்கத்து வளைவும் வந்திருந்துச்சு. நடுவுல மட்டும் சேரல. ஒரு வீட்டு அகலம் இருக்கும், அவ்வளவுதான். அவனும் பார்த்தான். ‘அது எப்பம்மா ஒட்டும்?’னு கேட்டான். அதுக்கப்புறம் பேசல.”

சாமி கீரையைக் கீழே வைத்தார்.

“மழை விட்டதும் சேர்த்துட்டாங்க. ரிப்பன் வெட்டினாங்க. மேளம் அடிச்சாங்க. எனக்கும் ஒரு லட்டு குடுத்தாங்க சாமி.”

சாமி அவளைவிட வயதில் இளையவர். ஆறுதல் சொல்லத் தெரியாதவர் என்றுதான் மலையில் பேர். அதனாலேயே அவள் அவரிடம் வந்துகொண்டிருந்தாள்.

“வாங்க, நடப்போம்.”

“எங்க?”

“பாலத்துக்கு.”

“மாட்டேன்.”

“நானும் அதுமேல போனதில்ல. உயரம்னா எனக்குப் பயம்.”

சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

கொஞ்சதூரம் போனதும் அவர் கால் தடுமாறுவது தெரிந்தது. அவள் பின்னாலேயே போனாள்.

பாலத்தின் மேல் காற்று சேலையைப் பிடுங்கியது. சாமி கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் அடிவைத்து நகர்ந்தார். அவள் கீழே பார்க்கவில்லை. தார்ச்சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நடுவில் வந்ததும் நின்றாள். குனிந்து சாலையைத் தொட்டாள்.

“இந்த இடம்தான் அன்னிக்கு இல்ல.”

அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. சாமியும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது.

“ஏதாவது சொல்லுங்க சாமி.”

“தெரியலம்மா.”

கொஞ்சம் தள்ளி ஒரு செங்கல் லாரியும் எதிரே வந்த பஸ்ஸும் அருகருகே நின்றன. டிரைவர்கள் ஜன்னல் வழியே கதை பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ பீடி கேட்டார்கள், யாரோ சிரித்தார்கள்.

அப்போது அக்கரையிலிருந்து ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தது. பாலத்தில் ஏறி, லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. காற்று இரைச்சலிலும் பேச்சு மும்முரத்திலும் டிரைவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தில்லைநாயகி எழுந்து ஓடினாள். முந்தானை அவிழ்ந்து பறந்தது. லாரிக் கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

“வண்டிய எடுடா! எடுடா பாவி!”

லாரி உறுமி நகர்ந்தது. ஆம்புலன்ஸ் அவளை உரசிக்கொண்டு போயிற்று. கண்ணாடிக்குள் ஒரு பெண். அவள் மடியில் ஒரு சின்னத் தலை.

சத்தம் இக்கரையில் தேய்ந்து மறையும்வரை நின்றாள். பிறகு தளர்ந்த நடையாகத் திரும்பி வந்து, சாமியின் முன் முகத்தை மூடிக்கொண்டு சரிந்தாள்.

“நான் மனுஷியே இல்ல சாமி.”

“ஏன்?”

“அந்தப் பிள்ளை பிழைக்கக் கூடாதுன்னு நினைச்சேன். என் பிள்ளை போன மாதிரியே போகட்டும்னு நினைச்சேன். அவளும் என்னை மாதிரி வெறும் மடியோட திரும்பட்டும்னு நினைச்சேன்.”

“எப்போ நினைச்சீங்க?”

“ஓடும்போதே.”