மீதிப் படம்

திருச்சியில் ஒரு திரைப்படச் சங்கம் இருந்தது. சொந்தமாக இடம் கிடையாது. ஒரு டுட்டோரியல் கல்லூரியின் மாடி வகுப்பறைதான் அரங்கு. கரும்பலகையை மறைத்து வெள்ளைத் துணி கட்டினால் அதுவே திரை. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே படம் போடுவார்கள். படம் முடிந்ததும் சண்டை போடுவார்கள்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். ஒரு கட்சிக்கு உலக சினிமா. ஒரு ஆள் நடந்து போவதைப் பத்து நிமிடம் காட்டினால் சொக்கிப் போவார்கள். இன்னொரு கட்சிக்கு ஹாலிவுட். ஏதாவது வெடித்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். முதல் கட்சி இரண்டாவது கட்சியைச் சின்னப் பிள்ளைகள் என்றது. இரண்டாவது கட்சி முதல் கட்சியைப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

சங்கத்தை நடத்தியவர் ஆக்னஸ். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். படம் தேடுவது, தமிழில் சப்டைட்டில் எழுதுவது, ப்ரொஜெக்டரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவர்தான். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் ஓடும்போது திரையைப் பார்க்க மாட்டார். திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"படத்தை வீட்டுலயே பார்த்துட்டேன். இங்க உங்களைத்தான் பார்க்கணும்" என்பார். அடுத்த மாதம் என்ன படம் என்பதை அந்த முகங்களை வைத்துத்தான் முடிவு செய்வார்.

ஒரு விதியும் வைத்திருந்தார். படம் பிடிக்காதவர்தான் முதலில் பேச வேண்டும். அவர் முடிக்கும்வரை வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஆக்னஸுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் வேதரத்தினம். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்தவர். ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல் ஒரு படத்துக்கு வந்தவர், அப்படியே ஒட்டிக்கொண்டார். "எனக்கு சினிமா பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே மேடம்தான்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். கற்றுக்கொண்ட சூட்டோடு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் கிளம்பிவிட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மாடி ஏறி வந்தார். ஆக்னஸ் தரையில் உட்கார்ந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு கேள்வி."

"உட்காருங்க சார்."

"நல்ல படத்தை ஒருத்தருக்குப் பிடிக்க வைக்கிறது எப்படி?"

"யாருக்கு?"

"பொதுவாக் கேட்கறேன்."

"பொதுவா எனக்குத் தெரியாது சார்."

வேதரத்தினம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரிக்கு" என்றார்.

அவர் மனைவி தையல்நாயகியை ஆக்னஸுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை முதன்முறையாகச் சங்கத்துக்கு வந்திருந்தார். வேதரத்தினம்தான் பல மாதங்களாக நச்சரித்து அழைத்து வந்தார். அன்றைக்குப் போட்டது ஏதோ ஒரு மலைநாட்டுப் படம். மலை உச்சியில் இருக்கும் மகள் வீட்டுக் கதவைப் பனிப்புயல் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. அடிவாரத்தில் இருக்கும் வயதான அப்பா, தன் வீட்டுக் கதவைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுகிறார். அவ்வளவுதான் கதை.

படம் முடிந்ததும் தையல்நாயகி கணவரின் முழங்கையைத் தொட்டு, "முடிஞ்சிருச்சுங்க" என்றார். விளக்கைப் போட்டார்கள். பிடிக்காதவர் பேசலாம் என்றார் ஆக்னஸ். யாரும் எழுந்திருக்கவில்லை. உலக சினிமாவைப் பிடிக்கவில்லை என்று முதலில் சொல்ல எவருக்குத்தான் தைரியம் வரும்? விதியை நம்பி எழுந்தது தையல்நாயகி ஒருவர்தான்.

"எனக்கு அவ்வளவாப் பிடிக்கலைங்க" என்றார். "பாவம், ரொம்ப தூரம் நடக்க விட்டுட்டாங்க அந்த மனுசனை. எனக்கே தோள் வலிச்சுருச்சு. போன வாரம் டிவியில ஒரு இங்கிலீஷ் படத்தைத் தமிழ்ல போட்டாங்க. சுரங்கப் பாதைக்குள்ள தண்ணி ஏறுது. அதுலயும் ஒரு அப்பா..."

"தண்ணி ஏறணும், பாலம் இடியணும்" என்று குறுக்கே பாய்ந்தார் வேதரத்தினம். "அப்பத்தான் இவங்களுக்குப் படம். மன்னிச்சுக்குங்க. டப்பிங் படம் பார்த்தே வளர்ந்த ரசனை."

அறை சிரித்தது. ஹாலிவுட் கட்சியும் சேர்ந்துதான் சிரித்தது. தையல்நாயகி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு வேதரத்தினம் பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு.

"அந்தக் கிழவர் கடைசிவரை போய்ச் சேரவே இல்லை. கவனிச்சீங்களா? சேர்றது முக்கியமில்லை, நடக்கிறதுதான் படம். இதையே ஹாலிவுட்காரன் எடுத்திருந்தா கொண்டுபோய் மக வீட்டுல சேர்த்திருப்பான். பின்னாடி வயலின் வாசிச்சிருப்பான்."

கைதட்டினார்கள். வக்கீல் கோதண்டம் கீழே இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சேரவே இல்லைன்னு சொன்னீங்களே, அந்தக் கோணத்துல நான் யோசிக்கவே இல்லை சார்" என்றார். வேதரத்தினத்துக்கு அன்று இரவு சாப்பாடு தனி ருசியாக இருந்தது.

அது நடந்து இரண்டு வாரம் ஆகிறது.

"வீட்டுல இப்ப டிவி ஓடறதில்லை மேடம்" என்றார் வேதரத்தினம்.

"நீங்க ஆசைப்பட்டது அதுதானே?"

"அதுதான்." குரலில் சுரத்தே இல்லை. "நான் உள்ள வந்தா உடனே அணைச்சிடறா. 'பாரேன்'னு சொன்னா, 'சும்மாதான் போட்டிருந்தேன்'ங்கிறா. முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாடு போடும்போது மதியம் பார்த்த படத்தை முழுசாச் சொல்வா. துப்பாக்கிச் சத்தம் முதக்கொண்டு வாயாலேயே போடுவா. நான்தான் 'போதும் தாயே'ம்பேன்."

"இப்ப?"

"ரசம் ஊத்தவான்னு கேட்கறா. ஊத்தறா. போயிடறா."

ஆக்னஸ் சுருட்டிய ஒயரை ஓரமாக வைத்தார்.

"அதான் மேடம். அவளை மெல்ல மெல்ல உலக சினிமாப் பக்கம் கொண்டுவர்ற மாதிரி ஒரு படம் சொல்லுங்க. எளிமையா, சின்னதா."

"அன்னைக்கு அவங்க என்ன சொல்ல வந்தாங்க சார்?"

"எப்ப?"

"'அதுலயும் ஒரு அப்பா'ன்னாங்களே."

"தெரியலையே. எதாவது சண்டைக் காட்சியா இருக்கும்."

ஆக்னஸ் எழுந்தார். ஜன்னல்களைச் சாத்தினார். ப்ரொஜெக்டரைப் போட்டார்.

"அந்த மலைப் படத்தைக் கொஞ்சம் பார்ப்போமா சார்?"

"தாராளமா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் வேதரத்தினம். "எத்தனை தடவை வேணா பார்க்கலாம்."

ஆக்னஸ் படத்தை நடுவிலிருந்து ஓடவிட்டார். பிறகு எப்போதும்போல ஸ்டூலில் அவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

திரையில் கிழவர் ஒரு ஓடையைக் கடந்தார். கதவைத் தண்ணீரில் போட்டு, அதையே பாலமாக்கி, அதன்மேல் ஒரு ஆட்டுக்குட்டியை அக்கரைக்கு விரட்டினார். வேதரத்தினம் கண்ணைச் சுருக்கினார். அந்த ஆட்டுக்குட்டியை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை.

கிழவர் ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் கதவைச் சாய்த்து, அதன் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றார். பாதியைக் கல்லறைமேல் வைத்தார். அந்தக் கல்லறையும் புதிது.

"மேடம், இது வேற பதிப்பா? அன்னைக்கு இதெல்லாம் வரலையே."

"அதே ஃபைல்தான் சார்."

வேதரத்தினத்துக்குக் காது சூடாகியது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

கிழவர் ஏறிக்கொண்டே இருந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் வேதரத்தினம் மனதுக்குள் வேண்டிக்கொண்டார், இந்த ஆள் போய்ச் சேரக் கூடாது என்று. இங்கேயே விழுந்துவிடட்டும், பனி மூடிவிடட்டும், படம் முடிந்து பெயர்கள் வரட்டும். ஒரு அப்பா மகள் வீட்டுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று வேண்டுகிறோமே என்பதுகூட அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மலை உச்சியில் சின்னக் கல்வீடு. வாசலில் கதவுக்குப் பதிலாக ஒரு கம்பளி தொங்கியது. கிழவர் முதுகிலிருந்து கதவை இறக்கினார். வாசலை மறைத்து நிறுத்தினார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பிறகு வெளியிலேயே நின்று, தான் சுமந்து வந்த கதவைத் தானே தட்டினார்.

பின்னணியில் வயலின் ஒலித்தது.

ஆக்னஸ் படத்தை அங்கே நிறுத்தினார்.

கிழவரின் கை கதவின்மேல் அப்படியே நின்றது. வேதரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது பேர் இருந்த அறை அது. அந்த முப்பது பேருக்கு முன்னால், போய்ச் சேர்ந்தவரைப் போய்ச் சேரவில்லை என்று அடித்துப் பேசி, கைதட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இந்த மாதிரிப் படங்களில் யாரும் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை என்பது அவருடைய அனுபவம். அந்த அனுபவத்தை நம்பித்தான் பேசினார். இந்தப் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"நான் தூங்கிட்டேன் மேடம்" என்றார் கடைசியில்.

"ஆமா சார். ஓடை வர்றதுக்கு முன்னாடியே."

"நீங்க பார்த்தீங்களா?"

"எனக்கு அதுதானே வேலை."

"குறட்டை?"

"இல்லை. உங்க தலை சாய்ஞ்சுது. அவங்க தோளைக் கொடுத்தாங்க. அப்புறம் அசையலை. மீதிப் படம் முழுக்க அப்படியேதான் பார்த்தாங்க."

வேதரத்தினம் எழுந்து ஜன்னல்வரை போனார். சாத்தியிருந்த ஜன்னலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"அத்தனை பேர் முழிச்சிருந்து பார்த்தாங்களே மேடம். ஒருத்தர்கூட ஏன் சொல்லலை?"

"நீங்க எதோ ஆழமாச் சொல்றீங்கன்னு நினைச்சுக்கிட்டாங்க. கோதண்டம் சார், அந்தக் கிழவர் உடம்பால சேர்ந்தாலும் மனசால சேரலைன்னு எனக்கே விளக்கினார்."

வேறொரு நாளாக இருந்தால் வேதரத்தினம் சிரித்திருப்பார்.

"சரி, அவங்களை விடுங்க. நீங்க சொல்லியிருக்கலாமே. என் காதுல வந்து ஒரு வார்த்தை, 'சார், போதும், உட்காருங்க'ன்னு..."

"சொல்லத்தான் எழுந்தேன்."

"அப்புறம்?"

"உங்க வீட்டம்மா என்னைப் பார்த்தாங்க. வேண்டாம்னு தலையாட்டினாங்க."

வேதரத்தினம் திரும்பவில்லை.

"எப்ப? நான் அவளைக் கிண்டலாச் சொல்றதுக்கு முன்னாடியா?"

"இல்லை சார். எல்லாரும் அவங்களைப் பார்த்துச் சிரிச்சு முடிச்ச அப்புறம்தான்."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை. வேதரத்தினம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததை மறுபடி துடைத்தார். தான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே பயமாக இருந்தது.

ஒருவழியாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். திரையில் கிழவர் இன்னும் தட்டியபடியே நின்றார்.

"மீதியையும் போட்டுடுங்க மேடம். யார் வந்து திறக்கிறாங்கன்னு பார்த்துட்டுப் போயிடறேன். இதுக்கு மேல என்ன இருக்கு."

ஆக்னஸ் ப்ரொஜெக்டரை அணைத்தார். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினார்.

"வீட்டுக்குப் போய்க் கேளுங்க சார்" என்றார். "அவங்க பார்த்திருக்காங்க."