இடது பக்கத் தையல்

ஒரு ஊர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு நடுவில் ஒரு ஆறு. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு பெண், அந்தக் கரையில் ஒரு பெண். நடுவில் ஒரு பாலம்.

இந்தக் கரையில் இருந்தவள் சண்முகவடிவு. ஐம்பத்திரண்டு வயது.

அந்தக் கரையில் இருந்தவள் ஜெபக்கனி. முப்பத்து நாலு வயது. அவள்தான் குரு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வடிவு பாலம் தாண்டி வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

"டீச்சர், கத்தரி ஓட மாட்டேங்கு."

ஜெபக்கனி மிஷினை நிறுத்தினாள். கத்தரியைக் கை நீட்டி வாங்கினாள். பழைய செய்தித்தாளை நாலாக மடித்து வெட்டினாள்.

"ஓடுதே அக்கா."

"பேப்பர்ல ஓடும்."

தரையில் கிடந்த வெட்டுத்துணி ஒன்றை எடுத்து வெட்டினாள். அதிலும் ஓடியது.

"ஓடுதே."

வடிவு பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை. மடியில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். வேப்பிலைப் பச்சைத் துணி. கடுகு தூவினது போல அதில் வெள்ளைப் புள்ளிகள்.

"இதுல ஓட மாட்டேங்கு," என்றாள்.

•

இரண்டு பேருக்கும் தையல் பிழைப்பு கிடையாது. ஜெபக்கனிக்குத் தபாலாபீசில் வேலை. வடிவு வீட்டோடு இருப்பவள். இருவருக்கும் ஒரே பைத்தியம். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய போட்டோக்களையும் காலண்டர் படங்களையும் பார்த்து, அதே மாதிரி ரவிக்கை தைப்பது. உப்பலான பஃப் கை, கை ஓரத்தில் லேஸ், கழுத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிச் சுருக்கம்.

ஒரு நாள் பஸ்ஸில் அப்படி ஒரு ரவிக்கையோடு ஜெபக்கனி நின்றிருந்தாள். வடிவு தன் ஸ்டாப்பில் இறங்காமல் அவள் ஸ்டாப்பில் இறங்கி, வீடு வரைக்கும் பின்னாலேயே போய், யார் தைத்தது என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் டீச்சர். தபாலாபீசில் மேடம் என்கிறார்கள், நீங்கள் டீச்சர் என்கிறீர்கள், வீட்டில்தான் இன்னும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை என்று ஜெபக்கனி சொல்லிப் பார்த்தாள். வடிவு விடவில்லை.

வடிவுக்கு ஒரு அக்கா உண்டு. கோமதி. நாலு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வடிவு தைத்ததைத் தவிர வேறு ரவிக்கையை கோமதி பதினோரு வருஷமாகப் போட்டதில்லை. சகோதரிகள் பஃப் கையோடு தெருவில் இறங்கினால், நாடகக் கம்பெனி வந்துவிட்டது என்று தெருக்காரர்கள் சிரிப்பார்கள். டிக்கெட் எடுத்துவிட்டுப் பாருங்கள் என்பாள் கோமதி.

அந்த கோமதிக்குத்தான் வருகிற புதன்கிழமை ஆபரேஷன். இடது மார்பை எடுத்துவிட வேண்டும் என்று ஆனி மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பச்சைத் துணியை எடுத்ததும் அவளேதான். கடையில் இருந்த கடைசித் துண்டு அது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது இதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்றாள். கையைத் தூக்க முடியாதாம், அதனால் பட்டன் முன்பக்கம் இருக்கட்டும் என்றாள். பஃப் கையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே என்றாள்.

துணி வாங்கிப் பதினாறு நாள் ஆகிவிட்டது.

•

அந்த ஊர்ப் பக்கம் ரவிக்கை தைக்க உடம்பில் டேப் வைக்கிற வழக்கம் குறைவு. நன்றாகப் பொருந்தின ஒரு ரவிக்கையைக் கொடுத்து, இதே மாதிரி என்று சொன்னால் போதும். அதற்கு அளவு ரவிக்கை என்று பெயர். கோமதிக்கு ஒரு மஞ்சள் ரவிக்கை. பதினோரு வருஷமாக அந்த ஒன்றை வைத்துத்தான் எல்லாவற்றையும் வெட்டினாள் வடிவு.

இப்போதும் தினம் பச்சைத் துணியை விரித்தாள். மஞ்சளை அதன் மேல் வைத்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள். கத்தரியைத் திறந்தாள். அதற்கு மேல் கை போகவில்லை. கோட்டை அழித்துவிட்டுத் துணியை மடித்து வைத்தாள். துணி பீரோவுக்குள் இருக்கிறது என்பதற்காகவே பீரோ இருக்கிற அறைக்குள் போகாமல் இரண்டு நாள் இருந்து பார்த்தாள்.

"என்ன பயம்?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

வடிவு துணியின் புள்ளிகளைத் தடவினாள்.

"மஞ்சள்படி வெட்டினா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வரும். அவ கண்ணாடி முன்னால நிக்கும்போது ஒரு பக்கம் காத்தாடும்."

"ம்."

"இடது பக்கத்தைக் குறைச்சு வெட்டினா, டாக்டருக்கு முந்தியே நான் வெட்டின மாதிரி ஆயிரும்."

"ம்."

"ரெண்டும் இல்லாம, நல்லாத் தைச்சு வச்சு…" குரல் இறங்கிவிட்டது. "அவ வராமப் போயிட்டா? இது பீரோவுல தொங்குமே டீச்சர். நான் அதைத் தினம் பார்க்கணுமே."

ஜெபக்கனி கத்தரியை மிஷின் மேல் வைத்தாள்.

"அவுக போடுத ரவிக்கை எல்லாத்தையும் நாளைக்குக் கொண்டாங்க. அந்த மஞ்சளையும் கொண்டாங்க."

"எதுக்கு?"

"கொண்டாங்க."

•

திங்கட்கிழமை சாயங்காலம் வடிவு ஆறு ரவிக்கைகளோடு வந்தாள். ஏழாவது மஞ்சள்.

இஸ்திரிக்குப் போடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லி எடுத்து வந்தாளாம். துணிக்கட்டை நீட்டின கோமதி ஒரு நொடி அதிலிருந்து கையை எடுக்கவில்லையாம். பிறகு விட்டுவிட்டாளாம்.

"உள்பக்கம் திருப்புங்க," என்றாள் ஜெபக்கனி.

வடிவு ஆறையும் திருப்பிப் பாயில் வைத்தாள்.

"பக்கத் தையலை எண்ணுங்க."

ரவிக்கையின் பக்கவாட்டில் அடுத்தடுத்து மூன்று தையல் போடுவது வடிவின் பழக்கம். எல்லா வீட்டிலும் உள்ளதுதான். உடம்பு கொஞ்சம் வைத்தால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்வார்கள். இன்னும் வைத்தால் இன்னொன்று.

முதல் ரவிக்கையை எடுத்தாள். வலது பக்கம் மூன்று.

இடது பக்கம் ஒன்று.

மறுபடி எண்ணினாள்.

அடுத்ததை எடுத்தாள். வலது மூன்று. இடது ஒன்று. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. ஆறிலும் அப்படியே.

"நான் மூணு போட்டேன் டீச்சர். மறந்திருக்க மாட்டேன்."

"போட்டிய."

ஜெபக்கனி ஒரு ரவிக்கையை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். கத்தரிப்பூ நிறம். நூல் இருந்த இடத்தில் நூல் இல்லை. ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாக வெளிச்சம் விட்டன.

வடிவு கிட்டே போய்ப் பார்த்தாள். வெளிச்சப் புள்ளி இரண்டு வரிசை. ஒரு வரிசை பளிச்சென்று இருந்தது. இன்னொன்று மங்கல்.

"துவைக்கத் துவைக்க ஓட்டை மூடும்," என்றாள் ஜெபக்கனி. "இந்த வரிசை இன்னும் மூடலை. இந்த வரிசை மூடிட்டு வருது, பிரிச்சு மாசக்கணக்காச்சு. இது எப்பத் தைச்சது அக்கா?"

அது பொங்கலுக்குத் தைத்தது.

வடிவு விரலை மடக்கினாள். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. டாக்டர் சொன்னது ஆனி.

விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன.

பொங்கல் காலையில் கோமதி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. கச்சிதமா இருக்குட்டி என்று சொன்னதும் நினைவிருந்தது. ஒவ்வொரு ரவிக்கைக்கும் அந்த ஒரே வார்த்தைதான். கச்சிதமா இருக்குட்டி.

அதற்குப் பிறகு எப்போது? வடிவு கோயிலுக்குப் போன நேரமா? காய் வாங்கப் போன நேரமா? கதவைச் சாத்திக்கொண்டு, ப்ளேடை வைத்துக்கொண்டு, இடது பக்கத்தை மட்டும் ஒவ்வொரு தையலாக. ஒன்று போதாமல் பிறகு இரண்டாவது. ஆறு ரவிக்கைக்கும். பிரித்த நூலை எங்கே போட்டிருப்பாள்? தினம் பெருக்குவது வடிவுதான். ஒரு நூல் கூட அவள் கண்ணில் பட்டதில்லை.

"அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு," என்றாள்.

ஜெபக்கனி ரவிக்கையை இறக்கினாள்.

"அத்தனை மாசமும் ஒத்தையில பயந்துகிட்டு இருந்திருக்கா. எங்கிட்ட ஏன் சொல்லலை டீச்சர்?"

ஜெபக்கனி மஞ்சள் ரவிக்கையை எடுத்து மிஷின் மேல் விரித்தாள். அதைத் திருப்பிக் காட்டினாள். வலது மூன்று, இடது மூன்று. ஒரு நூல் குலையவில்லை.

"நீங்க அவுககிட்டயா அளவு கேட்டிய? இதுகிட்டல்லா கேட்டிய அக்கா," என்றாள்.

•

வடிவுக்குக் கோபம் வந்தது. எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டாள். தபாலாபீஸ்காரிக்கு எல்லாவற்றிலும் முத்திரை குத்தத்தான் தெரியும் என்றாள். கூடப் பிறந்தவள் கஷ்டம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். ஜெபக்கனி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வடிவு ஒரு செருப்பை மாட்டினாள். மற்றதை மாட்டவில்லை. கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

ஜெபக்கனி டேப்பை எடுத்தாள்.

"நில்லுங்க."

டேப்பை வடிவின் மார்பைச் சுற்றிப் போட்டாள். வடிவுக்கும் அளவு ரவிக்கை ஒன்று உண்டு. அதனால் டேப் பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. டேப் குளிர்ந்திருந்தது.

"மூச்சு விடுங்க."

"விட்டுட்டுத்தான இருக்கேன்."

"இல்லைக்கா. மூச்சைப் பிடிச்சா அளவு தப்பும்."

ஜெபக்கனி டேப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பஸ் பாலம் ஏறுகிற சத்தம் கேட்டது. அது பாலம் முழுக்கக் கடந்து போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

வடிவின் மூச்சு வெளியே வந்தது. அதோடு ஒரு சத்தமும் வந்தது. பதினாறு நாளாக உள்ளே கிடந்த சத்தம். டேப் தளர்ந்தது, பிறகு இறுகியது, பிறகு தளர்ந்தது.

ஜெபக்கனி ஒரு எண்ணைச் சொன்னாள். அதை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு டேப்பைக் கழற்றி, மாலை போல வடிவின் கழுத்தில் போட்டாள். ஆறு ரவிக்கைகளையும் மடித்துப் பையில் வைத்தாள். பச்சைத் துணியை அவற்றின் மேல் வைத்தாள். மஞ்சள் மிஷின் மேலேயே கிடந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் அட்மிட் ஆகணும்," என்றாள் வடிவு. "இப்பப் போய் நான் அவ மேல டேப்பை வச்சா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்."

"ஆமாக்கா."

"ரெண்டு பேரும் சேர்ந்து அழ வேண்டியிருக்கும்."

"ஆமா."

"கை நடுங்கும்."

"நடுங்கும்."

வடிவு படி இறங்கினாள். இரண்டு செருப்பையும் மாட்டினாள். கேட்டுக்கு வெளியே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அளவை ஆபரேஷனுக்கு முன்னால எடுக்கவா, பின்னால எடுக்கவா?"

ஜெபக்கனி கேட்டைச் சாத்தினாள்.

"ரெண்டு தடவையும்."

வடிவு மஞ்சள் ரவிக்கையைக் கேட்கவில்லை. கழுத்தில் டேப் ஆட, பாலத்தில் ஏறி, இந்தக் கரையைப் பார்த்து நடந்தாள்.